ஒட்டுத் துணியும் ஒரு தேசமும்

1941ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பெந்தெகொஸ்தே திருநாள். மறுநாளும் விடுமுறை என்பதால் பிரிட்டனில் கடைகள் மூடிக் கிடந்தன. அன்று வானொலியில் பேசிய வர்த்தக வாரியத் தலைவர் ஆலிவர் லிட்டெல்டன், துணிமணிகளுக்கும் காலணிகளுக்கும் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். பிரதமர் சர்ச்சிலுக்குத் தொடக்கத்தில் இத்திட்டத்தில் உடன்பாடில்லை. செய்தி கசிந்தால் மக்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் அதற்கெனத் தனிக் கூப்பன்கள்கூட அச்சிடப்பட்டிருக்கவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மிகுதியாக இருந்த மார்ஜரின் கூப்பன்களையே துணிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். வெண்ணெய்க்கு மாற்றான ஒரு பண்டத்தின் சீட்டைக் கொடுத்துச் சட்டை வாங்கும் காலம் அப்படித் தொடங்கியது. அது முடிவுக்கு வந்தது 1949ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி. போர் முடிந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து!

கிழிசலைத் தைப்பதும், பழையதைப் பிரித்துப் புதிதாக்கி உடுத்துவதும் வரலாற்று நூல்கள் பெரிதும் பொருட்படுத்தாத காரியங்கள். ஆனால் இந்த எட்டு ஆண்டுகளில் ஓர் அரசாங்கமே ஊசியையும் நூலையும் கையிலெடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தது. அப்போது என்ன நிகழ்ந்தது, யாருக்கு நிகழ்ந்தது என்று சற்று நின்று பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் கணக்கு. முதல் ஆண்டில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் 66 கூப்பன்கள். ஆண்களின் கம்பளிச் சூட் ஒன்றுக்கு (கோட்டு, உள்கோட்டு, கால்சட்டை) 26. காலணி ஜோடிக்கு 7. ஒருவர் ஒரு சூட்டும் ஒரு ஜோடிக் காலணியும் வாங்கிவிட்டால் ஆண்டின் பங்கில் சரிபாதி தீர்ந்துவிடும். பெண்களுக்கு உள்துணி வைத்த மேலங்கி 14, கம்பளி உடுப்பு 11, காலணி 5, காலுறை ஜோடிக்கு 2. கூப்பன் என்பது பணத்துக்கு மாற்று அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விலையைத் தனியே கொடுத்தாக வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பங்கு சுருங்கியது. வெற்றி கிடைத்த பிறகுதான் நிலைமை இன்னும் மோசமாயிற்று என்பது வியப்பளிக்கும் செய்தி. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதங்களுக்குக் கிடைத்தவை வெறும் 24 கூப்பன்கள். மாதத்துக்கு மூன்று.

காரணம் எளிது. நெசவாலைகளும் தையற்கூடங்களும் சீருடைகளை உருவாக்கிக்கொண்டிருந்தன. மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு சீருடை அணியும் நிலை அன்று இருந்தது. எஞ்சிய துணியையும் அரசு சிக்கனமாக வெட்டச் சொன்னது. 1942ஆம் ஆண்டின் கட்டுப்பாடுகள் பைகளின் எண்ணிக்கை, பொத்தான்களின் எண்ணிக்கை, மடிப்புகள் என அனைத்துக்கும் வரம்பு விதித்தன. ஆண்களின் கால்சட்டை நுனியில் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் பட்டி தடை செய்யப்பட்டது. பொறுமையோடு குண்டுவீச்சைத் தாங்கிய கனவான்கள் இதைத் தாங்கவில்லை. வேண்டுமென்றே நீளமான கால்சட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944இல் அரசு அத்தடையை நீக்கிக்கொண்டது.

1943இல் தகவல் அமைச்சகம் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டது. 'இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அப்போதைய வர்த்தக வாரியத் தலைவர் ஹியூ டால்டன் முன்னுரை எழுதியிருந்தார். கம்பளிப் பூச்சியிடமிருந்து துணியைக் காப்பது, சலவை, ஒட்டுப்போடுவது, இழை ஓட்டுவது, பழைய பின்னலாடையைப் பிரித்து மீண்டும் பின்னுவது என்று அது விரிகிறது.

இழை ஓட்டுதலையே எடுத்துக்கொள்வோம். ஓட்டையின் விளிம்பைத் தாண்டி, நைந்துபோகாத நல்ல துணியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஒரு திசையில் இழைகளை ஓட்டிப் பிறகு குறுக்காக, ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் நெய்துவர வேண்டும். திரும்பும் இடங்களில் சிறு கண்ணி விட்டுவைத்தால்தான் சலவையில் இழை சுருங்கும்போது துணி இழுபடாது. சுருங்கச் சொன்னால் ஒரு விரல் அகலத்தில் ஒரு தறியை நிறுவுவது. இதைப் போன்றதே காலரைத் திருப்பித் தைப்பதும். கழுத்தில் உராய்ந்து நைந்த பக்கத்தை உள்ளே தள்ளி, வெயில் படாத பக்கத்தை வெளியே கொணர்வார்கள். நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் கிழித்து, ஓரங்களை நடுவில் வைத்து இணைப்பார்கள். முன்யோசனையும் பொறுமையும் கைத்தேர்ச்சியும் ஒருசேர வேண்டிய இவ்வேலைகளுக்குக் கூலி எதுவும் கிடையாது என்பதால்தான் இவை 'வீட்டு வேலை' என்ற சொல்லுக்குள் மறைந்துபோயின.

பழைய துணிக்குக் கூப்பன் தேவையில்லை, குறித்த விலை வரம்புக்குள் விற்கும்வரை. ஆனால் பழைய துணியைப் பற்றிய மனத்தடை ஆழமானது. லண்டனின் மன்மத் தெருப் பழந்துணிக் கடைகளைப் பற்றி இளம் டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்துவது நூற்றாண்டுகளாக வறுமையின் அடையாளம். அந்தக் கூச்சத்தைக் கடக்க உதவியது, முன்னாள் இந்திய வைஸ்ராய் ரெடிங் பிரபுவின் மனைவி ஸ்டெல்லா ரெடிங் 1938இல் தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பு. அதன் குழந்தைகள் ஆடைப் பரிமாற்ற நிலையங்களில், வளர்ந்துவிட்ட பிள்ளையின் துணியைக் கொடுத்தால் அதன் தரத்துக்கேற்பப் புள்ளிகள் தருவார்கள். அப்புள்ளிகளுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். காசும் இல்லை, கூப்பனும் இல்லை. தானம் பெறுகிறோம் என்ற கூச்சமும் இல்லை. நமக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி அம்சம்தான்.

எனினும் இக்கதையை ஒரு பொற்காலக் கதையாக முடித்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. 66 கூப்பன் எல்லோருக்கும் சமம். ஆனால் 1941 மே மாதத்தில் அவரவர் அலமாரியில் இருந்தவை சமமல்ல. பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும் கம்பளி ஆடைகள் நிறைந்த அலமாரியை உடையவருக்கு, கையேடு சொன்ன ஒவ்வொரு யுக்தியும் கைகொடுத்தது. மாற்றித் தைக்க அவரிடம் ஏதேனும் இருந்தது. மலிவுத் துணியை மாற்றுடை இன்றி அணிந்து தேய்த்தவரிடம் ஒட்டுப்போடுவதற்கும் நல்ல துணி இல்லை. தம் பங்கு முழுவதையும் வாங்கப் பணமில்லாத ஏழைகள் கூப்பன்களைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்றார்கள். மேலும், ஒட்டுப்போட யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டும் அறிவு அவர்களிடம் தலைமுறைகளாக இருந்தது. போர் செய்ததெல்லாம், நேற்றுவரை இழிவாகக் கருதப்பட்ட ஒட்டுக்கு ஒரு தேசப் பற்றுப் பதக்கம் குத்தியதுதான்.

அதே ஆண்டுகளில் இந்திய ஆலைகள் நேச நாட்டுப் படைகளுக்காக நெய்துகொண்டிருந்தன. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை இங்கே பிறப்பிக்கப்பட்டது. உணவுப் பஞ்சத்தில் சிக்கிய வங்காளத்தில் துணிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. சமாளிக்க ஏதேனும் இருந்தால்தானே சமாளிப்பது?

போருக்குப் பின் பதக்கம் விரைவிலேயே கழன்று விழுந்தது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியன் டியோர், கஜம் கஜமாகத் துணியை விழுங்கும் அகன்ற பாவாடைகளை அறிமுகப்படுத்தினார். கூப்பனில் வாழ்ந்த பிரிட்டனின் அரசு முகம் சுளித்தது. பெண்களோ அதை விரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆறு ஆண்டுகள் இழை ஓட்டிய விரல்கள் அவை. அவ்வாண்டு நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்காக நாடெங்கும் பெண்கள் தங்கள் கூப்பன்களை அனுப்பிவைத்தார்கள். பிறர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன.

இன்று அருங்காட்சியகங்களில் காணக் கிடைக்கும் அக்கால ஆடைகள் பெரும்பாலும் நல்ல நிலையில் தப்பியவை. மிக அதிகமாகத் தைக்கப்பட்டவை அங்கே வருவதில்லை. அவை சட்டையாகி, பிள்ளையின் சட்டையாகி, தூசித் துணியாகி, இறுதியில் இல்லாமலாகின்றன. அவற்றின் தடத்தை நாட்குறிப்புகளில்தான் தேட வேண்டும். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரில் நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி 1939இல், தம் 49ஆம் வயதில், மாஸ் அப்சர்வேஷன் ஆய்வமைப்புக்காக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அவருடைய போர்க்காலப் பக்கங்கள் 1981இல் நூலாக வெளிவந்தன. தன்னார்வச் சேவை நிலையத்தில் மற்றப் பெண்களோடு அமர்ந்து தைத்த அந்த நாட்களில்தான், கணவரின் நிழலில் ஒடுங்கியிருந்த அவர் தம் திறமையின் மதிப்பை உணர்ந்தார் என்பதை அதில் காண்கிறோம். இனி எதற்கும் உதவாத துண்டுத் துணிகளைச் சேர்த்து அவர் பொம்மைகள் செய்தார். அவற்றில் பல, மருத்துவமனையிலிருந்த குழந்தைகளுக்குச் சென்றன.