குளத்து நீரும் மூக்குச் சதையும்

எங்கள் ஊர்களில் குளத்தில் முங்கிக் குளிக்காத பிள்ளை அரிது. மாடும் மனிதரும் ஒரே நீரில்தான் இறங்குவோம். அந்த நீரோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு நோய்க்கு நூறு வருடங்களுக்கு மேற்பட்ட எழுத்து வரலாறு உண்டு. றைனோஸ்போரிடியோசிஸ் என்பது அதன் வைத்தியப் பெயர். மூக்கினுள் சிவந்த சதை வளரும். பட்டால் இரத்தம் கசியும். வெட்டிய பின்னும் சிலவேளை மீண்டும் முளைக்கும். சிறுவரிலும் இளைஞரிலும் அதிகம். அபூர்வமாகத் தோலுக்கும் எலும்புக்கும் பரவும். அப்போது வைத்தியர்களே புற்றுநோய் என்று ஐயுற்றிருக்கிறார்கள்.

1900இல் புவனஸ் அயர்சில் கில்லெர்மோ சீபர் இதை முதலில் விபரித்தார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ஓகினீலி எழுதினார். சீபர் இதை ஒருகல உயிரி என்றார். 1923இல் எடின்பரோவின் ஆஷ்வர்த் பூஞ்சணம் என்றார். 1999இல் மரபணு ஆய்வு இரண்டையும் மறுத்து, மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளின் உறவென்று காட்டியது. அவ்வாய்வில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அர்சகுலரத்னவும் பங்கு கொண்டார். ஒரு நூற்றாண்டாக இவ்வுயிரிக்கு நிரந்தர முகவரி கிடைக்கவில்லை. அகதிகளான எங்களுக்கு இது புதினமல்ல.

முகவரி மாறினாலும் நோயாளர் மாறவில்லை. அதிகமானோர் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். கொழும்பில் நோயியல் பேராசிரியராயிருந்த கருணாரத்ன 1964இல் இந்நோய் பற்றித் தனி நூலே வெளியிட்டார். குளத்தில் குளிப்போரும் ஆற்றுமணல் அள்ளுவோரும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். உழைப்பவர் நோய் என்றே சொல்லலாம்.

ரொறன்ரோவில் கோப்பை கழுவும் எங்களுக்கு இந்த வரலாறு எதற்கு? ஊரைவிட்டு வந்த பின்னரும் இச்சதை வெளிப்படக்கூடும். கனடாவில் பயின்ற வைத்தியர் வாழ்நாளில் ஒருமுறைகூட இதைக் காணாதிருக்கலாம். சதைத்துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால், ஆயிரக்கணக்கான வித்துக்கள் அடைந்த உருண்டைப் பைகள் தெரியும்; அங்கே ஐயம் தீரும். சதையை அகற்றி அடியைச் சுட்டுவிடுவதே முதன்மைச் சிகிச்சை. ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதாகக் காணப்படவில்லை. பிள்ளையை ஒதுக்கி வைக்கவோ ஒளித்து வைக்கவோ காரணமில்லை.

ஆனால் எந்தச் சதையையும் குளத்துச் சதைதான் என்று நாங்களே தீர்மானித்துவிடலாகாது. புற்றுநோயும் பிள்ளைகளுக்கு வரும். பரிசோதனை அவசியம். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் அகதி விசாரணைக்காகப் பத்திரப்படுத்துகிறோம். எந்தக் குளத்தில் குளித்தோம் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் நாங்கள் சொல்லத்தான் வேண்டும்.