கரிசல் ஈரமும் இணையத்தின் நகலும்

ஓட்டப்பிடாரம் என்றதும் 1872இல் அங்கே பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும், அருகிலிருக்கும் பாஞ்சாலங்குறிச்சியும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த மண்ணில் வேளாண்மை செய்பவருக்கு அதைவிட முந்திய நினைவு ஒன்று உண்டு. அது தண்ணீரைப் பற்றியது. தாமிரபரணிப் பாசனம் எட்டாத வானம் பார்த்த பூமி அது. மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களுக்குள் பெய்து முடிந்துவிடும். ஆனால் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய பயிர்கள். மழை நின்ற பிறகும் அவை பிழைத்திருக்கக் காரணம், கரிசல் மண்ணின் களித்தன்மை. அது நீரைக் குடித்து உப்பிக்கொள்கிறது; பின்பு மெல்லமெல்ல வேருக்குக் கொடுக்கிறது. குடிநீருக்கு ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய் என்று மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகளும் இதே அறிவின் நீட்சிதான். தேவைப்படும்போதெல்லாம் தொலைவுக்குப் போய் வர இயலாது. ஆகவே கிடைக்கும்போது வாங்கி, பயன்படும் இடத்துக்கு அருகே வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினியியலில் இந்த அறிவுக்கு 'கேஷ்' என்று பெயர். இணையதளம் நடத்தும் நண்பர்கள் "கேஷ் பிளக்இன் போட்டதும் தளம் வேகமாகிவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அந்தச் சிறு செருகுநிரலுக்குப் பின்னே அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது பொறியாளருக்கு மட்டும் உரிய வேலையன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் இணையத்தில் எழுதப்பட்ட தமிழ் எது நிலைத்தது, எது மறைந்தது என்ற கேள்வியும் அந்த வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். ஒளித்துவைத்தல் என்னும் பொருள் கொண்ட பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது இது. வட அமெரிக்கக் காடுகளில் விலங்குத் தோலுக்காக அலைந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், திரும்பும் வழியில் தேவைப்படும் உணவையும் பொருளையும் குழிகளில் புதைத்துவைத்தார்கள். அந்தக் குழிக்கு இப்பெயர். தமிழில் 'பதுக்ககம்' என்று மொழிபெயர்த்தவர்கள் மூலப்பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். ஆனால் அரிசிப் பதுக்கலின் நினைவு நம் காதில் இன்னும் கசப்பதால், இக்கட்டுரையில் 'இடைச்சேமிப்பு' என்றே குறிப்பிடுகிறேன்.

1965இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கணினியின் மைய நினைவகம் பெரியது, ஆனால் மெதுவானது. அதற்கும் கணிக்கும் பகுதிக்கும் நடுவே சிறியதும் விரைவானதுமான ஒரு நினைவகத்தை வைத்து, அண்மையில் பயன்பட்டவற்றின் நகலை அதில் இருத்திக்கொண்டால் என்ன என்பது அவர் யோசனை. 'அடிமை நினைவகம்' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் இது இடம்பெற்றது. அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்ட ஐ.பி.எம். ஆய்விதழின் ஆசிரியர், நீளமான தொழில்நுட்பப் பெயருக்கு மாற்றாக இந்தச் சிறிய சொல்லைப் பரிந்துரைத்தார் என்பது கணினியியலார் சொல்லும் செய்தி. ஒரு துறையின் கலைச்சொல்லை இதழாசிரியர் ஒருவரின் கத்தரிக்கோல் முடிவுசெய்தது என்பது இலக்கிய இதழ் படிப்பவர்க்கு இனிக்கக்கூடிய தகவல்.

இந்த ஏற்பாடு பலன் தருவதற்குக் காரணம் எளியது. ஒருமுறை கேட்கப்பட்டது மறுபடியும் கேட்கப்படும். நூலகத்தில் எந்த நூலை எல்லாரும் கேட்கிறார்களோ, அதை அலமாரிக்குள் திரும்ப வைக்காமல் மேசைமீதே வைத்துக்கொள்ளும் நூலகர் செய்வதும் இதுதான்.

இனி இணையத்துக்கு வருவோம். டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1989இல் முன்மொழிந்த வலையின் தொடக்கப் பக்கங்கள் பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்ட கோப்புகள். கேட்டவருக்கு வழங்கி அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக்கொடுக்கும். சமைக்கும் வேலை ஏதுமில்லை. சிக்கல் வழியில்தான் இருந்தது. கண்டம் கடந்து வரும் கம்பிகள் குறுகியவை. ஒரு நிறுவனத்தில் நூறு பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் அது நூறு முறை கடல் கடந்தது. 1994இல் செர்ன் வழங்கியிலேயே இதற்குத் தீர்வு சேர்க்கப்பட்டது. நடுவில் ஓர் இடைநிலைக் கணினி நின்று, முதலில் கேட்டவருக்காக வந்த பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு அடுத்தவர்க்குக் கொடுத்தது. 1996இல் வந்த 'ஸ்க்விட்' என்னும் கட்டற்ற மென்பொருள் இதை எல்லார்க்கும் எட்டச் செய்தது. பின்னாளில் விக்கிப்பீடியாவும் அதன் தொடக்க நெருக்கடிக் காலத்தைப் பெரிதும் ஸ்க்விட்டின் துணையோடுதான் கடந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே வந்த அந்த இணைப்பு, மிக வேகமாக இயங்கியபோதும் நொடிக்கு ஏழு கிலோபைட் அளவையே தரவல்லது. எழுபது கிலோபைட் பக்கம் ஒன்று திறக்கக் குறைந்தது பத்து நொடி. அதற்கும் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அக்காலத் தளங்கள் பல தத்தம் எழுத்துருவிலேயே இயங்கின. வாசகரிடம் அந்த எழுத்துரு இல்லையெனில் பக்கத்தோடு அதுவும் இறங்கியாக வேண்டும். அவ்வாறு ஒருமுறை இறங்கிய எழுத்துருவை உலாவி தன் இடைச்சேமிப்பில் வைத்துக்கொண்டதால்தான் இரண்டாம் பக்கம் சற்று விரைந்து திறந்தது. தமிழ் வாசகருக்கு இடைச்சேமிப்பு செய்த முதல் உதவிகளுள் ஒன்று அது. பெயர் தெரியாமலே பெற்ற உதவி.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நினைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், பல நாடுகளில் சிதறியிருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. அந்த நூல்கள் தரவுத்தளத்தின் பூட்டுக்குள் அடைபடாத, தனித்தனிக் கோப்புகள். எவரும் நகலெடுக்கலாம், எங்கும் வைக்கலாம். குறியீட்டு முறை மாறியபோது அவற்றை மாற்றி எழுதவும் முடிந்தது.

2003க்குப் பின் காட்சி மாறியது. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது. தமிழில் வலைப்பதிவுகள் தோன்றிய ஆண்டும், தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய ஆண்டும் அதுவே. அதற்கு முந்திய மூவபிள் டைப் என்னும் மென்பொருள், எழுதியவர் வெளியிடும்போதே பக்கத்தைக் கோப்பாகச் சமைத்து வைத்துவிடும். படிப்பவர்க்கு விரைவு, எழுதுபவர்க்குக் காத்திருப்பு. வேர்ட்பிரஸ் இதைத் தலைகீழாக்கியது. எழுதியது தரவுத்தளத்தில் போய் அமர்கிறது. வாசகர் வந்து கேட்கும்போதுதான் நிரல் எழுந்து, தரவுத்தளத்திடம் கட்டுரையைக் கேட்டு, தலைப்பைக் கேட்டு, மறுமொழிகளைக் கேட்டு, பக்கப்பட்டியைக் கோத்து, ஒரு பக்கமாக்கிக் கொடுக்கிறது. அடுத்த வாசகருக்கு மீண்டும் அனைத்தும் முதலிலிருந்து. வருவோர் ஒவ்வொருவருக்கும் நெல் குத்தி உலை வைப்பது போன்ற விருந்தோம்பல் இது. நாளுக்கு ஐம்பது பேர் வரும் வீட்டில் இது பெருமை. ஒரே மணி நேரத்தில் ஐயாயிரம் பேர் வந்தால் அடுப்பு அணையும்.

அடுப்பு அணைந்த கதைகள் பல. ஸ்லாஷ்டாட் போன்ற புகழ்பெற்ற தளம் ஒன்று சுட்டி கொடுத்தால் சிறிய தளங்கள் மூச்சுத்திணறி விழுந்தன. அதற்கு 'ஸ்லாஷ்டாட் விளைவு' என்ற பெயரே நிலைத்தது. பெரிய நிறுவனங்கள் இதற்கு விலை கொடுத்து வழி தேடிக்கொண்டன. எம்.ஐ.டி. கணிதர்களிடமிருந்து 1998இல் பிறந்த அகமாய், உலகெங்கும் வழங்கிகளை வைத்து வாடிக்கையாளர் பக்கங்களின் நகலை வாசகருக்கு அருகே கொண்டுபோனது. ஆனால் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒண்டிக்குடித்தனம் நடத்தும் மலிவான பகிர்வு வழங்கியில் இதழ் நடத்துபவர் என்ன செய்வார்?

அவருக்கான விடை நிரலாளர்கள் சிலரிடமிருந்து வந்தது. வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான மாட் முல்லன்வெக் எழுதிய ஒரு சிறு நிரலிலிருந்து, ஸ்பெயினைச் சேர்ந்த ரிக்கார்டோ கல்லி 2005 வாக்கில் 'டபிள்யூபி கேஷ்' செருகுநிரலை வளர்த்தெடுத்தார். 2007இல் அயர்லாந்தின் டொனகா ஓ கீவ் அதை 'டபிள்யூபி சூப்பர் கேஷ்' ஆக்கினார். 2009இல் 'டபிள்யூ3 டோட்டல் கேஷ்' வந்தது. முதல் வாசகருக்காகச் சமைத்த பக்கத்தைக் கோப்பாக எழுதிவைத்துவிடுவதும், அடுத்து வருபவருக்கு நிரலையும் தரவுத்தளத்தையும் எழுப்பாமல் அந்தக் கோப்பையே கொடுப்பதும் சூப்பர் கேஷின் வழி. அதாவது, பத்தாண்டு முன்னேற்றத்துக்குப் பின் இணையம் தன் பழைய கோப்புக்கே திரும்பியது.

தமிழ்த் தளங்களுக்கு இதன் பயன் கூடுதல். ஒருங்குறியில் இணையம் வழக்கமாகக் கையாளும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் பதினைந்து பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து. ஆனால் நம் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றே என்பதால், சுருக்கி அனுப்பும் முறையில் தமிழ்ப் பக்கம் வெகுவாக இளைக்கும். இடைச்சேமிப்புச் செருகுநிரல் அப்படிச் சுருக்கிய வடிவத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறது. இலக்கியத் தளமோ இதற்கென்றே பிறந்தது போன்றது. ஒருமுறை எழுதப்படுகிறது; பலமுறை படிக்கப்படுகிறது; 2005இல் வெளிவந்த கட்டுரை இன்று படிக்கும் எவருக்கும் ஒன்றுதான்.

எனினும் நகலுக்கு ஒரு குற்றமுண்டு. மூலம் மாறியது அதற்குத் தெரியாது. பிழையைத் திருத்தி வெளியிட்ட பின்னும் வாசகர் பழைய பிழையையே படித்துக்கொண்டிருப்பார். எந்த நகலை எப்போது கழிப்பது என்பது கணினியியலின் மிகக் கடினமான வினாக்களுள் ஒன்று என்று நிரலாளர்கள் அரை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆகவே செருகுநிரல்கள் நகலுக்கு ஆயுள் குறிக்கின்றன. கட்டுரை திருத்தப்பட்டாலோ புதிய மறுமொழி வந்தாலோ அந்தப் பக்கத்தின் நகலை அழித்துவிடுகின்றன. உள்நுழைந்திருக்கும் ஆசிரியருக்குப் பொதுநகலைக் கொடுப்பதில்லை.

நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள இந்த உறவு ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. சிறையிலிருந்து மீண்ட வ.உ.சி., 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கான மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையிலும் உழைத்தார். ஏட்டுச்சுவடியின் உலகில் எல்லாமே நகல்தான். மூல ஓலை என்றோ மண்ணாகியிருக்கும்; படியெடுத்தவர் விட்ட பிழையும் பாடபேதமும் கலந்த படிகளே மிஞ்சியிருக்கும். அங்கே பழைய நகல் என்று எதையும் தூக்கி எறிந்துவிட முடியாது, அதுவே நூல்.

இணையத்தின் இடைச்சேமிப்போ இதற்கு நேர்மாறானது. எந்த நொடியும் அழியலாம் என்ற ஒப்பந்தத்தின் பேரில் இருப்பது. இதை மறந்து அதைக் காப்பகம் என்று நம்பியதில் நாம் இழந்தவை கொஞ்சமல்ல. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது, உலகெங்கும் தனிமனிதர்கள் கட்டியெழுப்பிய எண்ணற்ற பக்கங்கள் முகவரி இழந்தன. மறைந்த பக்கத்தைக் கூகுளின் நகலில் தேடிப் பிடிப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2024இல் கூகுள் அந்தச் சுட்டியையும் நீக்கிவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டாமல் விடப்பட்ட இதழ்த் தளத்தின் தரவுத்தளம் வழங்கியோடு போய்விடும். செருகுநிரல் வைத்திருந்த நகல்களும் அதே வழங்கியில் இருந்தவைதாம், அவையும் கூடவே போகும். 1996 முதல் இயங்கும் இணைய ஆவணக்காப்பகம் எடுத்து வைத்தவையே பல தளங்களுக்கு எஞ்சிய சாட்சி. அதுவும் எல்லாவற்றையும் எடுத்து வைத்ததில்லை.

மதுரைத் திட்டத்தின் கோப்புகள் நிலைத்ததற்கும் இத்தளங்கள் மறைந்ததற்கும் காரணம் தரத்தில் இல்லை. வைத்திருந்த முறையில் இருக்கிறது. ஆகவே தளம் நடத்தும் நண்பர்கள் செருகுநிரலை நிறுவட்டும். வாசகரைக் காக்கவைக்காதிருப்பது ஒரு மரியாதை. அதே கையோடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் தளம் முழுவதையும் எளிய கோப்புகளாக இறக்கி, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கைகளில் ஒப்படைத்து வைக்கட்டும். மூலத்தைப் படைத்த மென்பொருள் இல்லாமலே அவை திறக்க வேண்டும் என்பது ஒன்றே விதி.

கரிசல் காட்டு வீடுகளில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. ஊருணி நீர் கோடையில் வற்றும் என்பது தெரிந்தே அதைக் குடித்தார்கள். அடுத்த மழைக்கு அது நிறையும். ஆனால் விதைத் தானியத்தை அன்றாடத் தானியத்தோடு கலக்கவில்லை. பஞ்சம் வந்தாலும் தொடக்கூடாததென்று தனியே எடுத்து வைத்தார்கள். விரைவுக்காக வைப்பது வேறு, நாளைக்காக வைப்பது வேறு. முதலாவதை மென்பொருள் செய்துவிடும். இரண்டாவதை மனிதர்தாம் செய்தாக வேண்டும்.