புற்றுநோய் கூடுதா, குறையுதா? இரண்டுமே உண்மைதான்

"உலகில் புற்றுநோய் அதிகரிக்கிறது" என்கிறது ஒரு செய்தி. "புற்றுநோய் மரண விகிதம் குறைகிறது" என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஆனா, எதை எண்ணுறாங்க என்று பார்க்கணும்.

முதலில் மொத்த எண்ணிக்கை. 2022இல் உலகெங்கும் சுமார் 20 மில்லியன் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9.7 மில்லியன் பேர் மாண்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின்கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீடு அது. 2050இல் புதிய சம்பவங்கள் 35 மில்லியனைத் தாண்டலாமாம்.

பயமா இருக்கா? கொஞ்சம் பொறுங்க. புற்றுநோய் விகிதம் இன்றுபோலவே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மக்கள்தொகை பெருகுவதும் நாம் அதிக காலம் வாழ்வதுமே அந்த ஏற்றத்துக்குப் போதும்.

வயது ஏன் முக்கியம்?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புளோக். ஒன்றில் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள், மற்றொன்றில் இளம் குடும்பங்கள். முதல் புளோக்கில் புற்றுநோயாளிகள் அதிகம் இருந்தால், அந்தக் கட்டடம் ஆபத்தானது என்று சொல்வீர்களா? மாட்டீர்கள்.

நாடுகளுக்கும் அதேதான். அதனால்தான் ஆய்வாளர்கள் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய விகிதத்தை ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால், அமெரிக்காவில் புற்றுநோய் மரண விகிதம் 1991க்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்துள்ளது. புகைப்பது குறைந்தது பெரிய காரணம். முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் மேம்பட்ட சிகிச்சையும் கைகொடுத்தன.

எல்லா நாட்டிலும் அப்படியா?

இல்லை. மார்பகப் புற்றுநோயைப் பாருங்கள். மேம்பாட்டில் உச்சத்தில் உள்ள நாடுகளில், வாழ்நாளில் 12 பெண்களில் ஒருவருக்கு அது வருகிறது. 71 பேரில் ஒருவர் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார்.

நோய் குறைவு, மரணம் அதிகம். தாமதமாகத் தெரிய வருவதும் தரமான சிகிச்சை எட்டாததும்தான் காரணம். என்னைக் கேட்டால், மொத்த அறிக்கையிலும் அதிகம் உறுத்துவது இந்த எண்கள்தான்.

இளையர்களுக்கு?

ஒட்டுமொத்தமாக உங்கள் வயதில் ஆபத்து குறைவுதான். ஆனால் பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் கூடிவருகிறது. வழக்கமான பரிசோதனையோ பெரும்பாலும் 45 அல்லது 50 வயதில்தான் தொடங்கும். அதனால் மலத்தில் ரத்தம் வந்தால் "மூலமாத்தான் இருக்கும்" என்று விட்டுடாதீங்க. மருத்துவரைப் பாருங்கள்.