பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை எழுதுவது எப்படி?

வண்டிக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நம் வாகனக் காப்பீடு கட்டப்பட்டிருக்கிறது. 2002இல் வந்த இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் இதைப் பட்டியலாகவே வகுத்தன. புது வண்டியின் விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம் என்று தொடங்கும் கழிவு, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தைத் தொடுகிறது. நாள்தோறும் வேலைக்கு ஓடும் வண்டிக்கு இது நியாயமான கணக்கு. திருவொற்றியூரில் 1950களின் பிற்பகுதியில் உருவான புல்லட்டுக்கும், மைசூரில் 1960களில் உருவான ஜாவாவுக்கும் இது பொருந்தாது. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் அத்தகைய வண்டிகளைத் தேடி வாங்குவோர் பெருகிவிட்டார்கள், சந்தையில் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. பாலிசித் தாளில் மட்டும் அவை இன்னும் பழைய வண்டிகள்தான்.

பாலிசியில் எழுதும் தொகை குறைவாக இருந்தால் பிரீமியமும் குறையும், அது லாபம்தானே என்று கேட்கலாம். விபத்து நடக்கும்வரை லாபம்தான். பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் அறிவித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது விதி. புல்லட்டுக்கு 20,000 ரூபாய் எழுதியிருந்தால், 15,000 ரூபாயைத் தாண்டும் சேதமே போதும். வளைந்த முன் ஃபோர்க்கும் நசுங்கிய பெட்ரோல் டேங்க்கும் சேர்ந்தாலே செலவு அந்த எல்லையைக் கடந்துவிடலாம். ஓடக்கூடிய, சரிசெய்யக்கூடிய, அறுபது ஆண்டு வரலாறுள்ள ஒரு வண்டி கணக்கில் குப்பையாகிவிடும். குறைத்து எழுதிய எண்ணால் பணம் மட்டும் போவதில்லை, சில நேரம் வண்டியே போய்விடுகிறது.

இதற்கான தீர்வு மோட்டார் வாகனங்களைவிட வயதில் மிக மூத்தது. கப்பலேறிய சரக்கு நடுக்கடலில் மூழ்கினால் அதன் மதிப்பை எந்தச் சந்தையில் கேட்பது? அதனால் கடல் காப்பீட்டில் பயணத்துக்கு முன்பே இரு தரப்பும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு பத்திரத்தில் எழுதினார்கள். இதற்கு அன்றே வந்த மறுப்பு, இது சூதாட்டம் என்பது. பொருளே இல்லாதவன்கூடத் தொகையை எழுதிக்கொண்டு கப்பல் மூழ்கட்டும் என்று காத்திருப்பானே! இங்கிலாந்தின் 1745ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பந்தயப் பத்திரங்களைத் தடுத்தது. ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையை அது ஒழிக்கவில்லை. 1761இல் லூயிஸ் எதிர் ரக்கர் வழக்கில், கடல்நீரால் கெட்ட சர்க்கரைச் சரக்கைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்ஃபீல்டு பிரபு இதைத் தெளிவாக்கினார்: மதிப்பை முன்கூட்டியே எழுதுவது பந்தயம் ஆகாது, ஆனால் கப்பலில் ஒரு வடக்கயிறு மட்டும் வைத்துக்கொண்டு பெருந்தொகைக்குக் காப்பீடு செய்தவனுக்கு அந்தப் பத்திரம் உதவாது. 1906ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கடல் காப்பீட்டுச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் இந்த நெறியை ஏற்றன. தொகையை உயர்த்தி எழுதிவிட்டு வண்டியைக் கொளுத்திவிடுவார்கள் என்று இன்று அஞ்சுவோருக்கும் இதுவே பதில். ஏமாற்றைத் தடுப்பது சான்று. தொகையைக் குறைப்பதால் நேர்மையானவர்தான் தண்டிக்கப்படுகிறார்.

2002 விதிகள் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இந்த உரிமையை நிலத்துக்கும் கொண்டுவந்தன, ஆனால் 1940 முடிவதற்குள் தயாரிக்கப்பட்டு, விண்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற கார்களுக்கு மட்டும். இரண்டு சக்கரத்துக்கு இடமில்லை. இருந்திருந்தாலும், 1955இல்தான் சென்னையில் பிறந்த இந்தியப் புல்லட் அந்த ஆண்டு வரம்புக்குள் வந்திருக்காது. நம் நாட்டில் தயாரான மோட்டார் சைக்கிள்களின் வரலாற்றையே கணக்கில் எடுக்காத வரம்பு அது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம் இந்தக் குறையைப் பதிவு அளவில் தீர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் இருசக்கர வாகனமும் விண்டேஜ் ஆகலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள். விண்ணப்பத்தோடு காப்பீட்டுப் பத்திரமும் இணைக்க வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் எழுதும் தொகைக்கு வழி 2002இன் பழைய விதிகளிலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கும் வழக்கொழிந்த மாடலுக்கும் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யலாம். முழு இழப்பு நேர்ந்தால் அந்தத் தொகையே பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும். ஆகவே புதுப்பிக்கும் நாளில் வாய்திறக்காமல் கையெழுத்திடும் உரிமையாளர் தன் கையிலுள்ள உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கிறார். பேசுவதற்கு ஆதாரம் வேண்டும். ஏல விலைகளைக் காட்டினால் போதாது. 2018இல் லாஸ் வேகாஸில் 1951ஆம் ஆண்டு வின்சென்ட் பிளாக் லைட்னிங் மோட்டார் சைக்கிள் ஒன்று 9,29,000 டாலருக்குப் போனது. அதன் பந்தய வரலாறும் புதுப்பிக்கப்படாத நிலையும் தந்த விலை அது. பக்கத்து வின்சென்ட்டுக்குக்கூட அது பொருந்தாது. நம் புல்லட்டிலும் அப்படித்தான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்கள் என்ஜினிலும் சேஸிஸிலும் அப்படியே இருக்கின்றனவா, இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கோத்த தொடக்க கால வண்டியா, எல்லாப் பாகமும் இங்கேயே செய்யத் தொடங்கிய 1962க்குப் பிந்தையதா, அமால் கார்புரேட்டர் இன்னும் இருக்கிறதா என்பவையே விலையைத் தீர்மானிக்கும். இவற்றைப் படங்களோடும் செலவு ரசீதுகளோடும் ஒரு மதிப்பீட்டாளர் எழுதித்தர வேண்டும், வண்டி முழுசாக நிற்கும்போதே. எரிந்தபின் வரும் சர்வேயரால் என்ஜின் எண்ணைப் படித்துவிட முடியும்; அதன் மேல் எந்தக் கார்புரேட்டர் இருந்தது என்பதை அவர் எங்கிருந்து அறிவார்?