லைன் வீட்டுக்கு லைன் வந்த கதை

எங்கள் பக்கத்தில் 'லைன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தோட்டத்து லயம். இன்னொன்று கைப்பேசிக்கு வரும் அலை. 2020 ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அம்மா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். "லைன்ல லைனே இல்லடா. புள்ள கோயில் படியில போயி உக்காந்து படிக்குது."

புள்ள என்றது அக்கா மகளை. அப்போது அவள் ஐந்தாம் படிவம். அக்கா கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போவதால் அவள் பீடோங் பக்கம் தோட்டத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புகள் கைப்பேசிக்குள் போயின. எங்கள் லயத்தில் மாரியம்மன் கோயில் படிக்கட்டில் மட்டும்தான் இரண்டு கோடு லைன் கிடைக்கும். காலையில் எட்டு பிள்ளைகள் அங்கே இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பார்களாம். மழை வந்தால் பள்ளி முடிந்தது.

நான் சுங்கை பட்டாணியில் இருந்தேன். வீட்டில் ஃபைபர். தோட்டம் அங்கிருந்து முக்கால் மணி நேர ஓட்டம்கூட இல்லை. ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அம்மாவின் முகவரியைத் தட்டினேன். பட்டியலில் அப்படி ஒரு முகவரியே இல்லை. தொலைபேசியில் அழைத்தால் எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். வீடு யார் பேரில் இருக்கிறது? நிலத்துக்காரரின் கடிதம் கிடைக்குமா? கடைசியில், கடிதம் இருந்தாலும் அந்த இடத்துக்குக் கம்பி வரவில்லை என்றார்.

அம்மா அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. அவர் பேரில் அங்கே எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு கம்பி வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. லயத்துக்கு இதுவரை என்னென்ன கம்பி வந்திருக்கிறது? யாருக்காக வந்தது?

அப்பா சொல்லியிருக்கிறார், அவர் சின்ன வயதில் தோட்டத்தில் தொலைபேசி இருந்தது. துரை பங்களாவில் ஒன்று, ஆபீசில் ஒன்று. லயத்தில் சாவு விழுந்தால் கிராணியிடம் போய் நிற்க வேண்டும். கடிதங்களும் ஆபீசுக்குத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட ஒருவர் இருப்பார். ஆக ஊரோடு பேச வேண்டுமானாலும் தோட்ட நிர்வாகத்தின் வாசலைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

அந்த வாசலைத் தாண்டாமலும் செய்தி பரவியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 – 47இல், இதே பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு தொண்டர் படை உருவானது. ஏ.எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம், கூலிக்கும் மரியாதைக்குமான போராட்டமாகத் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் தொழிலாளர்கள் போலீசுடன் மோத நேர்ந்தது. தொழிலாளர் கையில் ஒரு தொலைபேசிகூட இல்லாத காலம் அது. ஆள் போய்ச் சொன்னால்தான் செய்தி. அப்படியும் கெடா தோட்டங்கள் ஒரே நேரத்தில் அசைந்தன.

அடுத்து வந்ததுதான் லயத்துக்கென்றே போடப்பட்ட முதல் கம்பி. முள்கம்பி. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது சீனக் குடியானவர்கள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டதை நாம் நிறைய வாசித்திருக்கிறோம். தோட்டத் தொழிலாளர்களின் வீடுகளும் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டு வேலி போடப்பட்டன என்பது நம் நினைவில் அவ்வளவாக இல்லை. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறும் செய்தியும் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி. அதே வேலிக்குள் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்தது. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா, தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கென்றே பெட்டிகளை வைத்தது. மின்சாரம் இல்லாத இடங்களில் அவை பேட்டரியில் ஓடின.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. கோலாலம்பூர், சிங்கப்பூர் நகரவாசிகளுக்கு 1949இலிருந்து ரெடிஃபியூஷன் என்ற கம்பி வழி வானொலி கிடைத்தது. மாதச் சந்தா கட்டினால் வீட்டுச் சுவரில் பெட்டி மாட்டிவிடுவார்கள். பிறகு பினாங்குக்கும் வந்தது. பட்டணத்துக்குக் கம்பி, தோட்டத்துக்குக் காற்று என்ற பிரிவினை அப்போதே தொடங்கிவிட்டது. கம்பி இழுக்கக் காசு வேண்டும். நூறு வீட்டுக்கு இழுத்தால் நூறு வீடும் சந்தா கட்ட வேண்டும். லயத்தில் அது நடக்காது. பின்னால் டிரான்சிஸ்டர் வந்தபோது தொழிலாளிகள் தாங்களே காசு சேர்த்து வாங்கினார்கள். நிர்வாகத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஏரியலைக் கூரையில் கட்டி ஜெராய் மலைப் பக்கம் திருப்பினால் போதும் என்பார் அப்பா.

ஜெராய் எங்களுக்கு எப்போதும் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள மலை, கடலோரத்தில் தனியாக நிற்கிறது. வங்கக் கடலைத் தாண்டிக் கடாரத்துக்கு வந்த மரக்கலங்களுக்கு அதுதான் அடையாளம். மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இன்னும் கிடக்கின்றன. இப்போது அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள். மாலுமி பார்த்த திசையைத்தான் அப்பாவின் ஏரியலும் பார்த்தது.

மின்சாரக் கம்பி எங்கள் லயத்துக்கு வெகு தாமதமாக வந்தது. அதற்கு முன் தோட்டத்து ஜெனரேட்டர்தான். இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், குடிநீரும் மின்சாரமும் தோட்ட முதலாளி செய்து தர வேண்டியவை என்று எழுதியது. அப்போது இணையம் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. ஆகவே அந்தக் கடமை யார் தலையிலும் விழவில்லை.

இணையம் வந்தபோது பழைய தொலைபேசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. 1996இல் டிஎம்நெட், 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ். செப்புக் கம்பியில் ஓடும் அகன்ற அலைவரிசைக்கு ஒரு குணம் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. 2010இல் யூனிஃபை வந்தது. ஃபைபருக்குத் தூரம் அவ்வளவு பிரச்சினை இல்லை, குழி வெட்டும் செலவுதான் பிரச்சினை. வீடுகள் நெருங்கியிருக்கும் தாமான்களுக்கு முதலில் போனது. அதே கெடாவில், 1996இலிருந்து கூலிம் ஹைடெக் பார்க் இயங்குகிறது. உலகத்துக்கே சில்லு செய்து அனுப்பும் ஊர். அங்கே வேலை பார்க்கும் என் அக்காவின் மகள் கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள்.

சுற்றி வளைத்து மோடத்துக்கு வருகிறேன். சரியாகச் சொன்னால் அது ரவுட்டர். நம்மவர்கள் எல்லாப் பெட்டியையும் மோடம் என்றுதான் சொல்வோம். கைப்பேசியில் போடுகிற அதே சிம்மை அதில் போட வேண்டும். கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அலையை வாங்கி, வீட்டுக்குள் வைஃபையாகப் பிரித்துக் கொடுக்கும். கைப்பேசியிலிருந்தே ஹாட்ஸ்பாட் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். தவிர ரவுட்டரில் ஏரியல் பெரிது. கைப்பேசி பிடிக்காத அலையை அது பிடித்துவிடும்.

தோட்டத்துக்குப் போக அனுமதி கிடைத்ததும் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். முன்கூடத்தில் வைத்தேன். கைப்பேசி எவ்வளவோ மேல். துத்தநாகக் கூரை அலையைத் திருப்பி அடிக்கும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அலையின் பலம் ஒரு கழித்தல் எண்ணாகத் தெரியும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 115 என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். மைனஸ் 95 வந்தால் வகுப்பு நடத்தலாம். வயரை இழுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அக்கா மகள் எண்ணை வாசித்துக்கொண்டே பின்னால் வந்தாள். "நூத்தி பன்னெண்டு மாமா... நூத்தி எட்டு... அங்கயே நில்லுங்க, நூறு!"

நின்ற இடம் பின்கட்டுச் சன்னல். அம்மா அங்கே பருப்பு டப்பாக்களை வைத்திருந்தார். அவற்றை எடுத்துவிட்டு ரவுட்டரை வைத்தோம்.

சன்னலுக்கு வெளியே செம்பனை. அப்பா காலத்தில் பால்மரம் நின்ற இடம். செம்பனை மட்டையில் இருக்கும் ஈரம் அலையைக் குடித்துவிடும். அலைவரிசை எண் உயர உயர இந்த இழப்பும் கூடும். 2600 மெகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இலையைத் தாண்டாது. 900 மெதுவானது, ஆனால் தாண்டி வரும். ரவுட்டர் தானாக விட்டால் வேகமானதைத் தேடிப் போய்ப் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால் 900இலேயே கட்டிப் போட்டேன். வேகம் சாதாரணம்தான், ஆனால் அறுபடவில்லை.

இரவு எட்டு மணிக்கு மட்டும் லைன் படுத்துவிடும். கோபுரத்தின் அலை எல்லோருக்கும் பொது. பின்வரிசை லயத்தில் இப்போது பங்களாதேஷ் தொழிலாளர்கள். வேலை முடிந்து குளித்துச் சமைத்துவிட்டு, அந்த நேரத்தில்தான் ஊருக்கு வீடியோ அழைப்பு போடுவார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் அவர்களில் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து, உறைந்துபோன ஒரு குழந்தையின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்டேன். எங்கள் கொள்ளுத்தாத்தா ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த லயம் அது. அதன் பிறகு அக்கா மகள் வீட்டுப்பாடங்களை ஏழரைக்குள் அனுப்பிவிடப் பழகிக்கொண்டாள்.

அந்த ஆண்டு எஸ்பிஎம் தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அவள் எழுதினாள், தேறினாள். கோயில் படியில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் இருவர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் போகிறான். எங்கள் வைஃபையின் கடவுச்சொல்லை எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்திருந்தோம். அந்த இரண்டு வீடும் தாண்டியிருந்தது அவன் வீடு.

அரசாங்கம் 2020 ஆகஸ்டில் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் இடங்களில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9க்கு உயர்த்துவது முதல் கட்ட இலக்கு. 2021 இறுதியில் 3ஜி அணைக்கப்பட்டது. 4ஜிக்கு அதிக அலைவரிசை கிடைத்தது. எங்கள் லயத்திலும் எண் கொஞ்சம் மேலேறியது. இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'மக்கள் வாழும் இடம்' என்பதற்குள் ஒரு லயம் வருகிறது என்றால், கம்பிக்கு மட்டும் ஏன் அது முகவரி ஆகவில்லை என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அதற்குப் பதில் எனக்கு 2023இல் கிடைத்தது. தோட்டத்தின் ஒரு துண்டு கைமாறியது. மரங்கள் சாய்ந்தன. சாலை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள், வீட்டுமனை விளம்பரம் வைத்தார்கள். வீடுகள் எழும்புவதற்கு முன்பே சாலையோரத்தில் ஃபைபர் பெட்டி வந்துவிட்டது. அம்மாவின் பின்கட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். நாற்பது வருடம் வராத கம்பி, நிலத்துக்கு விலை வந்ததும் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சீடிம். மண் பேரில் இருந்தால்தான் மற்றதெல்லாம் வரும் என்று அவர் நினைத்ததை, ஃபைபர் பெட்டியைப் பார்த்துத்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

அம்மா இப்போது என்னோடு சுங்கை பட்டாணியில் இருக்கிறார். வீட்டைக் காலி செய்த அன்று ரவுட்டரை எடுத்துப் பையில் வைத்தேன். "அத ஏன் எடுக்குற? ஒன் வீட்லதான் லைன் இருக்கே" என்றார். எதிர்வீட்டுக் குடும்பம் மாற்று வீட்டுக்காக இன்னும் அங்கேயேதான் காத்திருக்கிறது. கடைக்குட்டி மூன்றாம் படிவம். அம்மா பையிலிருந்து ரவுட்டரை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்தார். பின்கட்டுச் சன்னலில் வைக்கச் சொன்னார். மாதா மாதம் சிம்முக்கு நான் காசு போடுகிறேன். சில இரவுகளில் அந்தப் பையன் எனக்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்புவான். மைனஸ் 98. நல்ல எண்தான்.