ஐடி_ஈடி25519: ஒரு கோப்பின் பெயர் வரலாறு

கடவுச்சொல் இல்லாமல் சர்வருக்குள் நுழைய, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்பில் 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையைக் கொடுத்தால் இரண்டு கோப்புகள் பிறக்கும். ஒன்று ஐடி_ஈடி25519. மற்றதில் அதே பெயரின் வாலில் '.பப்' ஒட்டியிருக்கும். வாயில் நுழையாத இந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட வீணில்லை.

முதலில் 'ஐடி'. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, 1995-இல் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். முதல் நெறிமுறையில் சாவிக்கு ஆர்எஸ்ஏ என்ற ஒரே முறைதான். அதனால் அந்தரங்கச் சாவிக் கோப்புக்கு 'ஐடென்டிட்டி', அதாவது அடையாளம், என்ற பெயரே போதுமாக இருந்தது. இரண்டாம் நெறிமுறையில் டிஎஸ்ஏவும் சேர்ந்ததும் ஐடி_ஆர்எஸ்ஏ, ஐடி_டிஎஸ்ஏ என்று பெயர் கிளைவிட்டது. இன்றும் கட்டளையில் சாவிக் கோப்பைச் சுட்ட '-ஐ' என்று போடுகிறோமே, அந்த 'ஐ'யும் ஐடென்டிட்டிதான்.

எல்லோரும் சாவி என்கிறோம். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் சரியாகப் படுகிறது. சாவி பூட்டுக்குள் போக வேண்டும். இந்தக் கோப்போ எங்கும் போவதில்லை. '.பப்' கோப்பின் ஒற்றை வரி மட்டும் சர்வரின் 'ஆத்தரைஸ்டு_கீஸ்' கோப்பில் போய்ச் சேரும். அந்தரங்கக் கோப்பு நம் கணினியிலேயே இருந்து, ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாகக் கையொப்பம் இடும். சர்வர் அதைச் சரிபார்த்து உள்ளே விடும். அந்தக் கோப்பைப் பிறரும் படிக்கலாம் என்று விட்டுவைத்தால் எஸ்எஸ்எச் எச்சரித்துவிட்டு அதைத் தொடவே மறுக்கும். அனுமதியை 600 என்று இறுக்கினால் வேலை நடக்கும்.

'ஈடி' ஒரு மனிதரின் பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் ஹெரால்டு எட்வர்ட்ஸ் 2007-இல் நீள்வட்ட வளைவுகளை எழுதப் புதிய வடிவம் ஒன்றைத் தந்தார். 2011-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன், டான்யா லாங்கே உள்ளிட்ட ஐவர் அதன்மேல் இந்தக் கையொப்ப முறையை அமைத்தனர். 25519 என்பது ஒரே எண் அல்ல: 2-இன் 255-ஆம் அடுக்கிலிருந்து 19-ஐக் கழித்தால் வரும் பகா எண்ணின் சுருக்கம். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் இதைச் சேர்த்துக்கொண்டது.

'.பப்' கோப்பைத் திறந்து பாருங்கள். யார் உருவாக்கிய ஈடி25519 சாவியானாலும் அந்த நீண்ட எழுத்துச் சரம் 'ஏஏஏஏசி3' என்றே தொடங்கும். முறையின் பெயரும் அதன் நீளமும் குறியீடாகி அங்கே உட்கார்ந்திருக்கின்றன. உங்களுக்கே உரிய எழுத்துகள் அதற்கும் பின்னால்தான்.