லாரி முகப்பில் மானிகள்

அமெரிக்க நாட்டில் பழைய ‘பிக்கப்’ லாரியை வாங்கிச் செப்பனிடுவோர் பலர். அவர்களிற் சிலர், தொழிற்சாலையார் பொருத்தியனுப்பிய மானிகளைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கும் வேறு மானிகளைப் பொருத்துகின்றனர். காண்போர்க்கு இஃது அழகு கருதிய செயலாகத் தோன்றலாம். ஆயினும், ஓட்டுநர் தம் வண்டியின் உள்நிலையை எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும் என்னும் பழைய வழக்கொன்று இதற்குப் பின்னால் உள்ளது. அவ்வழக்கின் வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

டாஷ்போர்டு என்னும் சொல் மோட்டாருக்கு முற்பட்டது. குதிரையின் குளம்புகள் வாரியிறைக்கும் சேறு வண்டியோட்டியின்மீது படாதவாறு தடுத்த பலகைக்கே அப்பெயர் முதலில் வழங்கியது. குதிரை போய் எஞ்சின் வந்தது. பலகை மட்டும் நிலைத்தது. குதிரை களைத்தால் மூச்சிரைக்கும், நுரை தள்ளும், வண்டிக்காரன் கண்டுகொள்வான். எஞ்சினோ தன் களைப்பை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. எண்ணெய் வற்றினும், பெரும்பாலும் கேடு முற்றிய பின்னரே ஓசை எழும். வாயற்ற அவ்விசைப்பொறிக்கு வாயாக அமைந்தவையே மானிகள்.

அவற்றுள் தொன்மையானது நீராவிக் காலத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டினரான யூஜீன் பூர்தோன் 1849-ஆம் ஆண்டில் அழுத்தமானி ஒன்றிற்கு உரிமம் பெற்றார். வளைந்த தட்டைக் குழாயொன்று அழுத்தம் மிகும்போது சற்றே நிமிரும். அந்நிமிர்வு முள்ளை நகர்த்தும். எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் இயந்திர மானிகளில் இத்தத்துவமே இன்றும் பயன்படுகிறது. விரைவுமானிக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் உரிமம் பெற்றார். ரேடியேட்டர் மூடியின் மேல் வெப்பமானியை அமைக்கும் முறைக்கு 1912-இல் பாய்ஸ் என்பவர் உரிமம் பெற்றார். ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே அதனை நோக்கி, நீர் கொதிநிலையை நெருங்குவதை அறிந்தார். பிற்காலத்தில் அவ்வெப்பமானியும் வண்டிக்குள்ளே முகப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

1930-களில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஹட்சன் நிறுவனத்தார் எண்ணெய் அழுத்தத்திற்கும் மின்னேற்றத்திற்கும் முள்ளை விடுத்து எச்சரிக்கை விளக்குகளை அமைத்தனர். விளக்கின் செலவு குறைவு. மானியை நோக்கும் பழக்கமில்லாதவர் கண்ணையும் அது ஈர்க்கும். ஆகவே அதனை முற்றிலும் பழித்தல் முறையன்று. ஆயின் விளக்கு கூறும் செய்தி ஒன்றே: ‘கேடு வந்துவிட்டது’ என்பது. கேடு வந்துகொண்டிருக்கிறது என முன்கூட்டிக் கூறும் ஆற்றல் முள்ளுக்கே உண்டு. அமெரிக்க ஓட்டுநர்கள் அவ்விளக்கிற்கு ‘மூடர் விளக்கு’ எனப் பெயரிட்டு எள்ளினர்.

சுமையேற்றி மலையேறும் லாரிக்கு இவ்வேற்றுமை பெரிது. செவர்லே நிறுவனத்தின் 1967 முதல் 1972 வரையிலான சிறு லாரிகளில், எரிபொருளுக்கு மட்டும் மானியும் ஏனையவற்றிற்கு விளக்குகளுமே அடிப்படை அமைப்பாக இருந்தன. முள் வேண்டுவோர் கூடுதல் விலை கொடுத்தனர். அல்லது கடையை நாடினர். 1912-இல் சிகாகோவில் இரு நிறுவனங்களின் இணைப்பால் தோன்றிய ஸ்டூவர்ட்-வார்னர் போன்றோரின் மானிகள் இவ்வாறே பல வண்டிகளில் இடம்பெற்றன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1980-களின் பிற்பகுதியில் ஃபோர்டு லாரிகளின் எண்ணெய் மானிக்கு, அழுத்தத்தை அளக்கும் உணர்கருவிக்குப் பதிலாக வெறும் சுவிட்சு ஒன்று பொருத்தப்பட்டது. சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 6 பவுண்டு அழுத்தம் இருந்தாற்போதும். முள் நடுவில் வந்து அசையாது நிற்கும். ஏறியிறங்கும் முள்ளைக் கண்டு உரிமையாளர்கள் அஞ்சி முறையிட்டதே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. முள்ளின் வேடம் பூண்ட விளக்கு என்றே அதனை நாம் கூறலாம். அதனைக் கண்டறிந்தோர் உண்மை அளவு காட்டும் மானியைத் தேடியதில் வியப்பில்லை.

ஆயினும் புதிய மானி என்பதனாலேயே அது மெய் கூறும் என நாம் நம்பிவிடலாகாது. எரிபொருள் மானியையே எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய செவர்லே லாரியின் தொட்டியிலுள்ள உணர்கருவி, தொட்டி வெறுமையாயிருக்கையில் 0 ஓம் மின்தடையும், நிறைந்திருக்கையில் 90 ஓம் தடையும் தரும். கடைகளில் விற்கும் மானிகளுட் பலவோ 240 ஓம் தடையை வெறுமை எனவும், 33 ஓம் தடையை நிறைவு எனவும் கொள்வன. இவ்விரண்டையும் இணைத்தால், நிறைந்த தொட்டி பாதிக்குச் சற்று மேலாகத் தோன்றும். எரிபொருள் குறையக் குறைய முள் ஏறும். தொட்டி வற்றும்போது ‘நிறைவு’ எனக் காட்டும். மானிக்கு ஏற்ற உணர்கருவியையும் உடன் மாற்றுதலே இதற்குத் தீர்வு.

மின்னோட்டமானியில் உள்ள இடர் இன்னும் கொடியது. 1970-களின் டாட்ஜ் லாரிகளில் மின்னேற்றத்திற்குரிய மின்னோட்டம் முகப்பு மானி வழியாகவே சென்று வந்தது. ஆண்டுகள் கழிய, இணைப்புகள் தளர்ந்தும் துருவேறியும் சூடாகும், பிளாஸ்டிக் உருகும், தீயும் பற்றக்கூடும். எனவே பலர் மின்னோட்டமானியை நீக்கி வோல்ட்டுமானி வைக்கின்றனர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டு அளவில் முள் நிற்பின் மின்னேற்றம் நடைபெறுகிறது என்பது பொருள். ஆனால் பழைய மானியின் இரு கம்பிகளையும் உறுதியாக ஒன்றிணைத்து உறையிடல் வேண்டும். அவ்விரண்டிற்கும் இடையே வோல்ட்டுமானியைச் செருகுதல் கூடாது. சாவிக்குப் பின்வரும் மின்கம்பிக்கும் வண்டியின் உடற்பகுதிக்கும் இடையே அதனை இணைத்தல் வேண்டும். அவ்வாறே, எண்ணெய்க்கு இயந்திர மானி வைப்பின், சூடான எண்ணெய் சிறு குழாய் வழியே ஓட்டுநர் காலடி வரை வருகிறது. குழாய் உராய்ந்து வெடிப்பின் நேரும் தீங்கை நாம் எண்ணிப்பார்த்தல் நன்று.

இறுதியாக, மானி தன் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. விரைவுமானியை மாற்றுகையில் வண்டி ஓடிய தொலைவின் கணக்கும் அதனுடன் போய்விடுகிறது. இதனை மறைத்து விற்போரைத் தடுக்க அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. புதிய மானியில் பழைய தொலைவை அமைக்க இயலாவிடின், அதனைச் சுழியில் வைத்து, முன்னைய தொலைவையும் மாற்றிய நாளையும் எழுதி, இடப்புறக் கதவுச் சட்டத்தில் ஒட்டுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

மானியில்லாத ஓட்டுநர் ஐயத்துடன் செல்வார். காதும் மூக்கும் கொண்டு விழிப்பாயிருப்பார். பொய்ம்மானி உடையவரோ அவ்விழிப்பையும் இழப்பார். ஆதலால் பழைய மானியை நீக்குவோர் புதியதன் முகப்பொலியைக் காட்டிலும் அதன் மெய்ம்மையையே முதற்கண் ஆராய்தல் வேண்டும். அறிந்த அளவொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதனை நம்பி நெடுவழி புறப்படுதல் அறிவுடைமையாகும்.